தூரத்தில் இருக்கும் மருந்தாளுநர்

மருந்தகம் என்றால் அதில் மருந்தாளுநர் இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் கடந்த 25 ஆண்டுகளாக உலகத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மருந்து கொடுக்கும் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டுமா? நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து திரையில் பார்த்துச் சரி சொன்னால் போதாதா? அமெரிக்காவில் மக்கள்தொகை குறைந்த ஒரு மாநிலம் இந்தக் கேள்விக்கு 2001இல் ஒரு பதில் சொன்னது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு.

முதலில் நம் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65வது விதி, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடி மேற்பார்வையில் இன்னொருவரோதான் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்தில் நேரடி மேற்பார்வை என்றால் ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் நிற்க வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.

இந்த விதி ஏன் வந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோன காலம் நமக்கு நினைவிருக்கிறது. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பாட்டிலின் பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். டாக்டர் எழுதுவார், கம்பவுண்டர் கலக்குவார். எழுதியவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். எழுதியதில் அளவு தப்பாக இருந்தால் அனுபவமுள்ள கம்பவுண்டர் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போய்த் தயங்கித் தயங்கி நிற்பார். "ஐயா, இது அரை கிரெய்ன்தானே?" என்று கேட்பார். டாக்டர் சிடுசிடுத்தாலும் திருத்திக் கொடுப்பார்.

மருந்தாளுநர் தொழிலின் சாரம் இவ்வளவுதான். மருந்து நோயாளியின் கைக்குப் போகும் முன், எழுதியவர் அல்லாத இன்னொருவரின் கண் அதன் மேல் பட வேண்டும். தசமப்புள்ளி ஒன்று இடம் மாறினால் அளவு பத்து மடங்காகும். இரண்டு மருந்துகளின் பெயர் ஒன்றுபோலக் காதில் விழும். இரண்டு குப்பிகள் அண்ணன் தம்பி போல இருக்கும். முதல் ஆளின் கண்ணில் படாதது இரண்டாம் ஆளின் கண்ணில் படும். சட்டம் காப்பாற்ற நினைத்தது இந்த இரண்டாம் கண்ணை. அதற்காக அது கண்டுபிடித்த வழி, மருந்தாளுநரை அறைக்குள் நிற்க வைப்பது.

ஊரில் ஆள் இருக்கும்வரை இந்த வழியில் குறை இல்லை. ஆள் கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

பெட்டியும் எண்ணும்

தூரத்திலிருந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு கணினியோடு பிறந்தது என்று நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே ஆஸ்திரேலியர்கள் அதைச் செய்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஆட்டுப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தன. ஜான் பிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி என்ற சிற்றூரிலிருந்து பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. ஆனால் பண்ணையில் ஒருவர் நோயில் விழுந்தால் டாக்டரை எப்படிக் கூப்பிடுவது? மின்சாரம் கிடையாது. ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்து, 1929இல் அது பண்ணைகளுக்குப் போனது.

இனி டாக்டரோடு பேசலாம். பேசினால் மட்டும் போதுமா? மருந்து வேண்டுமே. டாக்டர் மருந்தின் லத்தீன் பெயரை இரைச்சல் மிகுந்த வானொலியில் சொன்னால் பண்ணைக்காரரின் மனைவிக்கு அது என்னவாகக் காதில் விழுமோ! 1942இல் இதற்கு ஒரு வழி வந்தது. எல்லாப் பண்ணைகளுக்கும் ஒரே மாதிரியான மருந்துப் பெட்டி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். டாக்டர் பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணைச் சொல்வார். எந்த எண் மருந்தை எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

இதைப் பற்றி அந்த நாட்டில் ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. மனைவிக்கு 9ஆம் எண் மருந்தைக் கொடு என்றாராம் டாக்டர். 9ஆம் எண் தீர்ந்து போயிருந்தது. கணவர் யோசித்து 5ஆம் எண்ணில் ஒன்றும் 4ஆம் எண்ணில் ஒன்றும் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம். நடந்ததோ நடக்கவில்லையோ, இந்தக் கதைக்குள் ஒரு பாடம் இருக்கிறது. தூரத்தில் இருப்பவர் சொன்னார், பக்கத்தில் இருப்பவர் கொடுத்தார். கொடுத்தது என்ன என்று சொன்னவரால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை தீர இன்னும் 60 ஆண்டுகள் ஆயின.

ஆளில்லாத சமவெளி

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டின் வடக்கு எல்லையில் கனடாவை ஒட்டி இருக்கிறது வடக்கு டகோட்டா மாநிலம். பரப்பு 1,83,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் மாநிலத்தைவிடப் பெரியது. ஆனால் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 6,42,200 பேர். தமிழ்நாடு முழுவதும் காலி செய்துவிட்டு மதுரையில் பாதிப் பேரை மட்டும் விட்டால் எப்படி இருக்குமோ, அதைவிட வெறிச்சோடிய நிலம். சதுர கிலோமீட்டருக்கு மூன்றரை பேர்.

இன்னொரு விஷயம். 1930இல் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 6,80,000க்கு மேல். 70 ஆண்டுகளில் ஊர் வளரவில்லை, தேய்ந்தது. கோதுமை வயல்களில் இயந்திரம் வந்ததும் ஆள் தேவை குறைந்தது. பிள்ளைகள் படித்துவிட்டு வெளியூர் போனார்கள். கிராமத்தில் தங்கியவர்கள் வயதானவர்கள். நமக்குத் தெரியாத கதையா இது? வித்தியாசம் குளிரில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும். பனிப்புயல் அடித்தால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். எழுபது வயதுக்காரர் ரத்த அழுத்த மாத்திரைக்காக 50 மைல் கார் ஓட்டுவது என்பது அங்கே உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

அந்த மாநிலத்து மருந்துக்கடைகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1963இல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். மருந்தகத்தின் பெரும்பான்மை உரிமை மருந்தாளுநர்கள் கையில்தான் இருக்க வேண்டும். கடை பல கொண்ட பெரிய நிறுவனங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2014இல் இந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று பொது வாக்கெடுப்பே நடந்தது. மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஊர் மருந்துக்கடை என்றால் ஊர்க்காரர் ஒருவரின் சொந்தக் கடை. அவருக்கு வயதாகி, வாங்க ஆள் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். 1990களில் அப்படி ஒவ்வொன்றாக மூடினார்கள். 2000 வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட கிராமக் கடைகள் போயிருந்தன.

அதே சமயம் நாடு முழுவதுமே மருந்தாளுநர் பஞ்சம். 2000 டிசம்பரில் அமெரிக்க அரசே இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. மருந்தாளுநர் படிப்பு ஆறு ஆண்டு டாக்டர் பட்டமாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. படித்து வெளியே வரும் இளைஞருக்கு நகரத்தில் நல்ல சம்பளம் காத்திருக்கும்போது பனிக்காட்டுக்கு யார் போவார்கள்?

இருபத்தைந்து படுக்கை

கடைகளின் கதை இப்படி என்றால் மருத்துவமனைகளின் கதை இன்னும் நீளம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச் சிற்றூர்களில்கூட மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தது. கொண்டுவந்த செனட்டர்களின் பெயரால் அதை ஹில்-பர்ட்டன் சட்டம் என்பார்கள். ஊருக்கு ஊர் சிறு மருத்துவமனைகள் எழுந்தன. 1983இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், செலவுக்கேற்ற பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு இன்ன நோய்க்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்தது. நோயாளிகள் நிறைய வரும் பெரிய மருத்துவமனைகள் தாக்குப் பிடித்தன. நாளைக்கு நாலு பேர் வரும் சிறு மருத்துவமனைகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1980களில் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

1997இல் அரசு விழித்துக்கொண்டு இவற்றுக்கென்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. பொதுவாக இன்னொரு மருத்துவமனையிலிருந்து 35 மைல் தள்ளி இருக்க வேண்டும், நோயாளிகள் சராசரியாக 96 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது, படுக்கைகளுக்கும் வரம்பு உண்டு. இன்று அந்த வரம்பு 25. இப்படி இருந்தால் செலவான தொகையை அடிப்படையாக வைத்தே பணம் கிடைக்கும். வடக்கு டகோட்டாவின் மருத்துவமனைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மருத்துவமனை பிழைத்தது. அதற்குள் மருந்தாளுநர் இருந்தாரா? 25 படுக்கைக்கு முழுநேர மருந்தாளுநரைச் சம்பளம் கொடுத்து வைக்க முடியாது. ஊர் மருந்துக்கடைக்காரர் வாரத்தில் சில மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரங்களில்? இரவில்? ஞாயிற்றுக்கிழமையில்?

இங்கேதான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி வந்தால் டாக்டர் போனிலேயே மருந்தைச் சொல்லிவிடுவார். நைட் டியூட்டி நர்ஸ் சாவியை எடுத்துக்கொண்டு மருந்தறைக்குப் போவார். அலமாரியில் தேடி மருந்தை எடுப்பார், நோட்டில் எழுதி வைப்பார், போய்க் கொடுத்துவிடுவார். மருந்தாளுநர் மறுநாளோ அடுத்த வாரமோ வந்து நோட்டைப் பார்ப்பார். அதில் தப்பு இருந்தால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். சட்டம் இதை அவசர ஏற்பாடு என்று அனுமதித்தது. நடைமுறையில் வாரத்தின் பெரும்பகுதி நேரம் அந்த அவசரமாகவே இருந்தது.

நர்ஸ்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் காலத்திலும் இரவில் வார்டைத் தாங்கியவர்கள் அவர்கள்தாம். ஆனால் ஒரே ஆள் கேட்டு, எடுத்து, அளந்து, கொடுக்கும்போது அங்கே இரண்டாம் கண் இல்லை. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது அந்த ஆண்டுகளில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு 1998 பிப்ரவரியில் தன் முதல் எச்சரிக்கைக் குறிப்பை வெளியிட்டபோது, அது எதைப் பற்றி இருந்தது தெரியுமா? அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு. நீர்க்கச் செய்யாமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வார்டு அலமாரியில் மற்ற குப்பிகளோடு அதுவும் நின்றுகொண்டிருந்ததால் வேறு மருந்து என்று நினைத்து எடுத்துப் போட்டு நோயாளிகள் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, 1999 கடைசியில், அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று வந்தது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது கணித்தது. நாடே அதிர்ந்தது.

2001: விதி மாறியது

இந்தச் சூழ்நிலையில்தான் வடக்கு டகோட்டாவின் மருந்தாளுநர் வாரியம் 2001இல் முதலில் சோதனை அளவில் விதியைத் தளர்த்தியது. மருந்தாளுநர் நேரில் இல்லாமலேயே கிராமத்தில் மருந்தகம் நடத்தலாம் என்று விதி செய்த முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். அடுத்த ஆண்டு மத்திய அரசின் உதவிப் பணத்தோடு, பார்கோ நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரியும் வாரியமும் மருந்தாளுநர் சங்கமும் சேர்ந்து திட்டத்தைத் தொடங்கின. மூன்று பேரும் மருந்தாளுநர்களே என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து யாரோ வந்து இவர்கள் வேலைக்கு உலை வைக்கவில்லை. தங்கள் தொழில் கிராமத்தில் செத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவர்களே விதியை மாற்றினார்கள்.

தளர்த்தினார்கள் என்று சொன்னேன். உண்மையில் எத்தனை கட்டுப்பாடுகளைச் சேர்த்தார்கள் என்பதைப் பாருங்கள்.

கிராமத்து மருந்தகத்தில் இருப்பவர் முறைப்படி பயிற்சி பெற்றுப் பதிவு செய்த, அனுபவமுள்ள டெக்னீஷியனாக இருக்க வேண்டும். யாரோ ஒரு கடைப் பையன் இருந்தால் போதாது. சீட்டு வந்ததும் அதைப் படம் எடுத்து மைய மருந்தகத்துக்கு அனுப்புவார். மருந்தாளுநர் அங்கே நோயாளியின் பழைய கணக்கைப் பார்ப்பார். டெக்னீஷியன் மருந்தை எண்ணிப் போட்டதும், சீட்டு, மருந்து எடுத்த பெரிய குப்பி, கொடுக்கப்போகும் சிறு குப்பி, அதன் மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே இருக்கும் மாத்திரை என எல்லாவற்றையும் கேமராவுக்கு முன் காட்ட வேண்டும். மாத்திரையின் நிறத்தையும் அதன் மேல் பொறித்த எழுத்தையும் மருந்தாளுநர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது நோயாளிக்குப் போகும். பண்ணைக்காரர் 5ஐயும் 4ஐயும் கூட்டிய கதைக்கு இங்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு நோயாளியும் தனி அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து மருந்தாளுநரோடு பேச வேண்டும். இதை எப்போது சாப்பிட வேண்டும், எதோடு சேர்க்கக் கூடாது, தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார். இது கட்டாயம். பக்கத்திலேயே மருந்தாளுநர் இருக்கும் நகரத்துக் கடைகளில் இப்படி உட்கார்ந்து பேசுவது எத்தனை முறை நடக்கிறது என்று நமக்கே தெரியும். மருந்தாளுநர் அவ்வப்போது நேரில் வந்து இருப்பையும் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இணைப்பு அறுந்துவிட்டால், மருந்தாளுநர் நேரில் வந்தால் ஒழிய, கிராமத்து மருந்தகம் மூடியிருக்க வேண்டும்.

இதே முறை பிறகு சிறு மருத்துவமனைகளுக்குள்ளும் போனது. பகலில் வந்து போகும் மருந்தாளுநர் கிளம்பிய பிறகு, டாக்டர் எழுதிய உத்தரவு தொலைவிலுள்ள ஒரு மையத்துக்குப் போகும். பார்கோவிலிருந்து மாநிலத்தின் மேற்குக் கோடி 600 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருப்பவர் நோயாளியின் ஒவ்வாமை, சிறுநீரகத்தின் நிலை, ஏற்கெனவே ஓடும் மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து அனுமதிப்பார். அதற்குப் பிறகே மருந்து அலமாரியின் அந்த அறை திறக்கும். இரவில் சாவியோடு தனியாகப் போன நர்ஸுக்கு இப்போது கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தார். பத்து சிறு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு மருந்தாளுநரின் இரவைப் பகிர்ந்துகொண்டால் செலவும் கட்டுப்படியாகும்.

எதிர்த்தவர்களும் கணக்கும்

இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கேமராவுக்கு மூக்கு கிடையாது. மருந்து கெட்ட வாடை அடிக்கிறதா, குளிர்பெட்டி நேற்று ராத்திரி நின்றுபோயிருந்ததா, போதை தரும் மாத்திரைகளில் நாலு குறைகிறதா என்பதெல்லாம் கேமரா காட்டாது. இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. இன்றைக்கு ஆளில்லாத ஊருக்கு என்று கொடுத்த சலுகையை நாளைக்கு முதலாளிகள் ஆள் இருக்கும் ஊரிலும் கேட்பார்கள். நாலு கடைக்கு நாலு மருந்தாளுநர் எதற்கு, ஒருவர் போதுமே என்பார்கள்.

இந்த இரண்டாவது பயத்துக்கு வடக்கு டகோட்டாவில் 1963ஆம் ஆண்டுச் சட்டமே வேலி போட்டிருந்தது. கடையின் பெரும்பான்மை உரிமையாளர் மருந்தாளுநர் என்கிறபோது மருந்தாளுநரை ஒழித்து லாபம் பார்க்க ஆள் இல்லை. அந்தச் சட்டம் இல்லாத மாநிலங்கள் வேறு வேலிகளைப் போட்டன. அயோவா மாநிலம் 2016இல் இதை அனுமதித்தபோது, இன்னொரு மருந்தகத்திலிருந்து 10 மைல் தள்ளி இருக்க வேண்டும், நாளைக்குச் சராசரியாக 150 சீட்டுக்கு மேல் போனால் நேரில் மருந்தாளுநரை வைக்க வேண்டும் என்று எழுதியது. ஊர் வளர்ந்துவிட்டால் சலுகை தானாக விலகிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு.

பாதுகாப்பு எப்படி? இதை ஆராய்ந்து 2011இல் கட்டுரை எழுதினார்கள். தொலைவிலிருந்து மேற்பார்வை செய்யும் மருந்தகங்களில் தவறு நூற்றுக்கு 1.3 அளவிலும், மருந்தாளுநர் நேரில் இருக்கும் மருந்தகங்களில் 1 அளவிலும் இருந்தது. ஆக, சற்றுக் கூடுதல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் உள்ள கடைகளில் முன்பு நடந்த ஓர் ஆய்வில் கிடைத்த 1.7ஐவிட இரண்டுமே குறைவு. ஆனால் என் பார்வையில் சரியான ஒப்பீடு இது இல்லை. மருந்தாளுநர் நேரில் இருக்கும் கடையோடு ஒப்பிட்டால் திரை கொஞ்சம் குறைந்ததுதான். அந்த ஊருக்கு வாய்த்த மாற்று அதுவா? கடையில்லாத ஊரில் மாற்று என்பது 50 மைல் பயணம், அல்லது மாத்திரையை விட்டுவிடுவது. மருத்துவமனையில் மாற்று, இரவில் தனியாகச் சாவியோடு போகும் நர்ஸ்.

மருந்தாளுநர் கட்டடத்துக்குள் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2006இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்து மாறிப்போனது. குழந்தைகளுக்கான, மில்லிலிட்டருக்கு 10 யூனிட் குப்பி இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பியை அடுக்கிவிட்டார்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. எடுத்தவர்களும் லேபிளைப் படிக்கவில்லை. மூன்று பச்சிளங்குழந்தைகள் இறந்தன. மருந்தகம் இருந்தது, மருந்தாளுநர்கள் இருந்தார்கள், பார்க்க வேண்டிய கண் அந்தக் குப்பியின் மேல் படவில்லை.

வடக்கு டகோட்டாவில் இந்த ஏற்பாட்டால் ஏறத்தாழ 80,000 கிராமத்து மக்களுக்கு மருந்துச் சேவை திரும்பக் கிடைத்தது அல்லது போகாமல் நின்றது என்று திட்டத்தை நடத்தியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மாநில மக்களில் எட்டில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு மாநிலமாக இந்த வழிக்கு வந்தது.

நம் பக்கம்

நம் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் படித்த மருந்தாளுநர்களுக்குப் பஞ்சம் இல்லை. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களே அதிகம். ஆகவே ஆளை நியமிப்பதற்குப் பதிலாகக் கேமராவை மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வடக்கு டகோட்டாவின் நோய்க்குக் கொடுத்த மருந்து. நோய் இல்லாதவருக்கு எதற்கு?

நாம் வேறு வழியில் பாதி தூரம் வந்திருக்கிறோம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு, ஆயிரம் மாத்திரை டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் போய் அட்டையில் அடைத்த மாத்திரை வந்தது. பெயரும் அளவும் காலாவதி தேதியும் நோயாளியின் கைவரை போகின்றன. அதுவும் ஒரு வகையில் இரண்டாம் கண்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் மருந்தாளுநர் இல்லை, பயிற்சி பெற்ற ஒரு பெண் தன்னார்வலர். நம்மில் பலர் அப்படி வாங்கிச் சாப்பிடுகிறோம். நல்ல காரியம்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எழுபது வயதில் ஒருவருக்குச் சர்க்கரைக்கு ஒன்று, அழுத்தத்துக்கு இரண்டு, மூட்டு வலிக்கு வெளியில் வாங்கியது ஒன்று, இதய டாக்டர் எழுதியது மூன்று என்று சேர்ந்துவிடுகிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று முழுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் யார்? தொலைவில் உள்ள ஒரு மருந்தாளுநரோடு ஐந்து நிமிடம் திரையில் பேச வழி செய்தால், அது யாருடைய வேலையையும் பறிக்காது. மலைக் கிராமத்தில் இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் சந்தேகம் கேட்க ஓர் எண் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்தாளுநரிடம் கொட்டிக் காட்டுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் நல்லது. முகம் சுளித்தாலும் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் படித்த படிப்பே அதற்காகத்தான்.